பட்டியல் தவறினால் விலை கொடுப்பவர் யார்?

வரும் ஏப்ரல் 23ஆம் தேதி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் காற்பந்து லீக்கின் இளம் வீரர் தேர்வு தொடங்குகிறது. மூன்று நாள்கள், ஏழு சுற்றுகள், 32 குழுக்கள். பல்கலைக்கழகங்களில் ஆடிய 250க்கும் மேற்பட்ட இளைஞர்களுக்குத் தொழில்முறை ஆட்டத்தில் அங்குதான் இடம் கிடைக்கும்.

ஆனால், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வேறொரு போட்டி தொடங்கிவிடுகிறது. யார் முதலிடம், யார் பத்தாமிடம், யார் முதல் சுற்றுக்கே தகுதியற்றவர் என்று தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் வாராவாரம் பட்டியல் வெளியிடுகின்றன. ரசிகர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்கின்றனர். கடந்த ஆண்டு கிரீன் பே நகரில் நடந்த தேர்வைக் காண மூன்று நாள்களில் 6 இலட்சம் பேர் வந்ததாக லீக் அறிவித்தது. ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் மட்டுமே வாழும் சிறிய நகரம் அது. அந்த மூன்று நாளும் அங்கு ஒரு பந்துகூட ஆடப்படவில்லை. பெயர்களை வாசித்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல்கள் எந்த அளவுக்குச் சரி? தவறினால் அதற்கு விலை கொடுப்பவர் யார்? கடந்த ஆண்டு நடந்த ஒரு சம்பவம் இந்தக் கேள்வியை அழுத்தமாகவே எழுப்பிவிட்டுச் சென்றுள்ளது.

இது வேறு காற்பந்து

முதலில் ஒரு விளக்கம். இது மலேசியர்கள் விடிய விடியக் கண்விழித்துப் பார்க்கும் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசம் அணிந்து மோதியும் ஆடும் ஆட்டம். குழுவின் மூளையாக இருப்பவர் 'குவாட்டர்பேக்'. பந்தை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்பதைச் சில விநாடிகளில் முடிவு செய்பவர் அவரே. நல்ல குவாட்டர்பேக் இல்லாத குழு உருப்படுவது அரிது. பட்டியல் சண்டையில் பெரும்பகுதி இந்த ஒரு நிலையைச் சுற்றியே நடப்பதற்கு அதுதான் காரணம்.

இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் 'டிராஃப்ட்' என்ற ஏற்பாடே கிடையாது. சிறுவனாக இருக்கும்போதே கிளப்புகள் தத்தம் பயிற்சிப் பள்ளியில் சேர்த்து வளர்க்கும். பணமுள்ள கிளப் பிடித்த ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே பல்கலைக்கழகங்கள்தான் நாற்றங்கால். இடைநிலைப்பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் கடந்த பிறகே ஒருவர் தேர்வுக்கு வர முடியும். சென்ற பருவத்தில் மிக மோசமாக ஆடிய குழுவுக்கு முதல் வாய்ப்பு, வெற்றியாளருக்குக் கடைசி வாய்ப்பு. பலவீனமானவர்கள் எழுந்து நிற்கட்டும் என்பதே 1936ஆம் ஆண்டில் இத்தேர்வு தொடங்கியபோது இருந்த நோக்கம்.

இதில் வீரருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. எந்தக் குழு பெயரை வாசிக்கிறதோ, அந்த ஊருக்குத்தான் அவர் போக வேண்டும். வேலை தேடும் ஓர் இளைஞருக்கு ஒரே ஒரு முதலாளிதான் பேச முடியும் என்பது போன்ற நிலை இது. இந்த நிலையில், எத்தனையாவது ஆளாகப் பெயர் வாசிக்கப்படுகிறது என்பதே அவருடைய சம்பளத்தை முடிவு செய்கிறது.

பட்டியலைப் போடுபவர்கள்

பட்டியல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஊடகங்கள் வெளியிடுவது; எல்லாருக்கும் தெரியும். மற்றொன்று ஒவ்வொரு குழுவும் தனக்காகத் தயாரிப்பது. அது பூட்டிய அறைக்குள் இருக்கும். ரசிகர்கள் முதல் வகையைப் பார்த்துப் பழகி, அதுவே உண்மை நிலவரம் என்று நம்பிவிடுகின்றனர்.

ஊடகப் பட்டியலுக்குப் பேர்போனவர் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் மெல் கைப்பர். 1984 முதல் அந்த நிலையத்தின் தேர்வு ஒளிபரப்பில் இடம்பெற்று வருபவர். 1994இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் குழு 5ஆவது தேர்வில் குவாட்டர்பேக் டிரென்ட் டில்ஃபரை விட்டுவிட்டு, தற்காப்பு ஆட்டக்காரர் டிரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்தபோது, நேரலையிலேயே அதைக் கடுமையாகச் சாடினார். கோல்ட்ஸ் நிர்வாகி பில் டோபின் கொதித்துப் போனார். யார் இந்த மெல் கைப்பர், இவர் யார் எங்களுக்குச் சொல்ல என்று தொலைக்காட்சியிலேயே திருப்பிக் கேட்டார். காயங்களால் ஆல்பர்ட்ஸின் ஆட்ட வாழ்க்கை சீக்கிரமே முடிந்தது. டில்ஃபரோ பின்னாளில் பால்டிமோர் ரேவன்ஸ் குழுவுடன் சூப்பர் பவுல் வென்றார். அன்று கைப்பர் சொன்னது சரியாகிவிட்டது. ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை.

குழுக்களுக்கு ஊடகத்தைவிடக் கூடுதல் தகவல் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸ் நகரில் முன்னூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களை அழைத்துச் சோதிக்கிறார்கள். 40 கெஜ ஓட்டம், உயரம் தாண்டல், எடை தூக்கல், உள்ளங்கை அளவு, மருத்துவர்களின் பரிசோதனை, மூடிய அறை நேர்காணல் என எதையும் விடுவதில்லை. ஒருவரின் மூட்டு எத்தனை ஆண்டு தாங்கும், அவர் திட்டு வாங்கினால் எப்படி நடந்துகொள்வார் என்பதெல்லாம் குழுக்களுக்குத் தெரியும்; தொலைக்காட்சி விமர்சகருக்கு முழுமையாகத் தெரியாது.

இரவு முழுவதும் மௌனமாக இருந்த தொலைபேசி

இனி கடந்த ஆண்டின் கதை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ். தந்தை டியோன் சாண்டர்ஸ், லீக்கின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முன்னாள் நட்சத்திரம். அதே பல்கலைக்கழகக் குழுவின் தலைமைப் பயிற்றுநரும் அவரே. மகன் 2024 பருவத்தில் 4,134 கெஜம் எறிந்தார், 37 டச்டவுன்கள், எறிந்த பந்துகளில் 74 விழுக்காடு சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தன.

கைப்பரின் இறுதிப் பட்டியலில் சாண்டர்ஸுக்கு ஐந்தாமிடம். குவாட்டர்பேக்குகளில் அவரே முதல்வர். ஒரு காலகட்டத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் அவர் போவார் என்று பரவலாகப் பேசப்பட்டது.

முதல் சுற்று முடிந்தது. அவர் பெயர் வரவில்லை. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, நான்காம் சுற்றிலும் வரவில்லை. அவருக்கு முன் ஐந்து குவாட்டர்பேக்குகள் போய்விட்டனர். அதிபர் டோனல்ட் டிரம்ப்கூட குழு உரிமையாளர்களைக் கடிந்து பதிவிட்டார். போதாக்குறைக்கு, குழு நிர்வாகி போல் நடித்து ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து ஏமாற்றினார். அவருடைய இரகசிய எண் அட்லாண்டா ஃபால்கன்ஸ் பயிற்றுநர் ஒருவரின் கையடக்கக் கணினியிலிருந்து கசிந்தது தெரிய வந்ததும், லீக் அந்தக் குழுவுக்கு 250,000 டாலரும் பயிற்றுநருக்கு 100,000 டாலரும் அபராதம் விதித்தது.

இறுதியில், மூன்றாம் நாள், ஐந்தாம் சுற்றில் 144ஆவது ஆளாக கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அவரை எடுத்தது. அதே பிரவுன்ஸ் முந்திய நாளே, 94ஆவது இடத்தில் டிலன் கேப்ரியல் என்ற மற்றொரு குவாட்டர்பேக்கை எடுத்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஏன் சரிந்தார்?

பல காரணங்கள் சொல்லப்பட்டன. பந்தை அதிக நேரம் கையில் வைத்திருக்கிறார், அதனால் எதிரணியிடம் அடிக்கடி வீழ்த்தப்படுகிறார். கை பலம் சராசரிதான். வேகம் போதாது என்றனர் சிலர். இண்டியானாபொலிஸ் சோதனைக்கு வந்தும் அவர் பந்து எறிய முன்வரவில்லை. நேர்காணலில் தலைக்கனம் தெரிந்தது என்று பெயர் சொல்லாத அதிகாரிகள் செய்தியாளர்களிடம் கிசுகிசுத்தனர். மகன் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதில் தமக்கும் கருத்து உண்டு என்று தந்தை முன்பு பேசியதும் சிலரை உறுத்தியிருக்கலாம்.

இவற்றில் ஆட்டம் தொடர்பானவற்றை யார் வேண்டுமானாலும் காணொளி பார்த்துச் சரிபார்க்கலாம். குணம் தொடர்பானவற்றைச் சரிபார்க்க வழியில்லை. பெயர் சொல்லாதவர் கூறியதற்கு யாரும் பொறுப்பேற்பதுமில்லை. பட்டியல் அரசியலின் மிகவும் கசப்பான பக்கம் இதுதான்.

ஊடகங்களுக்கும் குழுக்களுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாட்டையும் மறந்துவிடக் கூடாது. ஊடகம் கேட்பது, இவர் எத்தனையாவது சிறந்தவர் என்று. குழு கேட்பது, இந்த இடத்தில் இவரை எடுத்தால் நமக்கு இலாபமா என்று. முதல் சுற்றில் குவாட்டர்பேக்கை எடுத்தால் பயிற்றுநரின் வேலையும் நிர்வாகியின் வேலையும் அவரோடு கட்டப்படுகிறது. முழு நம்பிக்கை இல்லையென்றால் அவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். இருபதாம் இடத்தில் தயங்கிய குழு முப்பதாம் இடத்திலும் தயங்கும். மற்றவர்களும் விட்டுவிட்டார்களே, நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும். சரிவு தொடங்கினால் நிற்காது.

மில்லியன் கணக்கில் நட்டம்

இது வெறும் மானப் பிரச்சினை அல்ல. 2011இல் வீரர் சங்கத்துக்கும் லீக்குக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, புது வீரரின் நான்காண்டுச் சம்பளம் அவர் எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்தே அமைகிறது. கடந்த ஆண்டு முதலிடம் பெற்ற கேம் வார்டுக்கு நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 48 மில்லியன் டாலர். ஐந்தாம் இடத்துக்கு 40 மில்லியன் அளவில். 144ஆம் இடத்தில் போன சாண்டர்ஸுக்கோ சுமார் 4.6 மில்லியன்தான். அதிலும், முதல் சுற்றின் உச்சியில் போனவருக்கு முழுத்தொகையும் உறுதி. பிந்திய சுற்றுக்காரருக்குக் கையெழுத்துத் தொகை மட்டுமே நிச்சயம். மீதம் குழுவில் நீடித்தால்தான்.

4.6 மில்லியனும் பெரும் பணம்தானே என்று கேட்கலாம். சாண்டர்ஸ் போன்ற வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய அடியில்லை என்பதும் உண்மையே. ஆனால் அதே ஐந்தாம், ஆறாம், ஏழாம் சுற்றுகளில் போகிறவர்களில் பலர் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். உடம்பை முதலீடு செய்கிற தொழில் இது. பெரும்பாலோரின் ஆட்ட வாழ்க்கை சில ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. மூட்டு போனால் அத்தோடு சரி.

வரலாறு சொல்வது என்ன?

பழைய பட்டியல்களைத் திருப்பிப் பார்த்தால், மேதைகளும் தடுக்கி விழுந்திருப்பது தெரியும்.

1998இல் பெய்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று நாடே விவாதித்தது. இருவரும் முதல் இரண்டு இடங்களில் போனார்கள். மேனிங் ஐந்து முறை லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது பெற்றார். லீஃபின் ஆட்டம் சில ஆண்டுகளிலேயே முடங்கியது. 2000இல் ஆறு குவாட்டர்பேக்குகள் போன பிறகு, 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் டாம் பிரேடி. அவர் வென்ற சூப்பர் பவுல் ஏழு.

2018இல் முதல் சுற்றிலேயே ஐந்து குவாட்டர்பேக்குகள். அவர்களில் கடைசியாக, 32ஆம் இடத்தில் போன லமார் ஜாக்சன் இரண்டு முறை மதிப்புமிக்க வீரரானார். 10ஆம் இடத்தில் போன ஜோஷ் ரோசனை அவருடைய குழு ஓராண்டிலேயே கைகழுவியது. 3ஆம் இடத்தில் போன சாம் டார்னல்ட் தோற்றுப்போனவர் என்று முத்திரை குத்தப்பட்டு, குழு குழுவாக அலைந்தார். கடந்த பிப்ரவரியில் சியாட்டில் சீஹாக்ஸ் சூப்பர் பவுல் வென்றபோது அதன் குவாட்டர்பேக் அவர்தான்.

2021இல் சான் பிரான்சிஸ்கோ, டிரே லான்ஸுக்காக மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை வாரிக் கொடுத்தது. அது பலிக்கவில்லை. மறு ஆண்டு 262ஆவதாக, தேர்வின் கடைசிப் பெயராக அதே குழு எடுத்த பிராக் பர்டி, குழுவைச் சூப்பர் பவுல் வரை கொண்டுசென்றார். கடந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த புதிய ஒப்பந்தம் 265 மில்லியன் டாலர்.

அறிவுத் திறன் சோதனைகளும் தப்பவில்லை. 2023இல் சி.ஜே. ஸ்ட்ராவுட் ஒரு சோதனையில் மிகக் குறைந்த புள்ளி எடுத்ததாகச் செய்தி கசிந்து, அவர் தகுதி கேள்விக்குள்ளானது. அவருக்கு முன் முதலாவதாகப் போன பிரைஸ் யங் முதல் பருவத்தில் தடுமாற, ஸ்ட்ராவுட் அவ்வாண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரரானார்.

பொருளியலில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும், கேட் மெஸியும் இந்தத் தேர்வை ஆய்வு செய்தனர். ஒரே நிலையில் ஆடும் இருவரில், முன்னதாக எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே கூடுதல் என்று அவர்கள் கண்டறிந்தனர். ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போலத்தான். ஆயினும், குழுக்கள் முன்னிடங்களுக்காக அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பதே அவர்களின் முடிவு.

நிறமும் ஒரு கண்ணாடி

பட்டியல் தவறும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி தவறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினத்தவருக்குக் குவாட்டர்பேக் இடத்தைத் தர மறுத்த காலம் ஒன்று உண்டு. 1978இல் வாரன் மூனை ஒரு குழுவும் எடுக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போய் ஐந்து முறை தொடர்ந்து கிண்ணம் வென்று, பிறகே என்.எஃப்.எல். வந்தார், புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார். நாற்பது ஆண்டு கழித்தும், லமார் ஜாக்சன் குவாட்டர்பேக் நிலையை விட்டு வேறு நிலைக்கு மாறட்டும் என்று மூத்த நிர்வாகி ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்.

அதற்காக, சாண்டர்ஸின் சரிவுக்கு நிறம்தான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது. அவ்வாண்டு முதலாவதாகப் போன கேம் வார்டும் கறுப்பினத்தவரே. ஆனால் 'தலைக்கனம்', 'தலைமைப் பண்பு இல்லை' போன்ற சொற்கள் யார்மீது எளிதில் ஒட்டிக்கொள்கின்றன என்று கேட்பதில் தவறில்லை. ஓட்டத்தை விநாடியில் அளக்கலாம். பணிவை எந்தக் கருவியில் அளப்பது?

ஓராண்டுக்குப் பின்

வார்டின் கதை சாண்டர்ஸின் கதைக்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் அவருடைய குழு பந்தை எறிவதே குறைவு. அதனால் பள்ளி மாணவர்களுக்கு நட்சத்திரக் குறியிட்டுத் தரம் பிரிப்பவர்கள் அவருக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. இன்கார்னேட் வர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகம் மட்டுமே உபகாரச் சம்பளத்துடன் இடம் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம், பிறகு மயாமி. கடைசியில் நாட்டின் முதல் தேர்வு.

முதலிடம் பெற்றதால் எல்லாம் கூடிவிட்டதா? அவரை எடுத்த டென்னசி டைட்டன்ஸ் முதல் பருவத்தின் 17 ஆட்டங்களில் வென்றது மூன்று மட்டுமே. தலைமைப் பயிற்றுநர் பாதியிலேயே நீக்கப்பட்டார். முதலிடம் என்பது பெரும்பாலும் மோசமான குழுவில் இடம் என்பதையும் பட்டியல் சொல்வதில்லை.

சாண்டர்ஸின் தோழரான டிராவிஸ் ஹன்டர், தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் ஆடும் அபூர்வத் திறமைசாலி. அவருக்காக ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ், இவ்வாண்டின் முதல் சுற்று வாய்ப்பு உட்படப் பலவற்றைப் பிரவுன்ஸுக்குக் கொடுத்து 2ஆம் இடத்துக்கு ஏறியது. முழங்கால் காயத்தால் அவருடைய முதல் பருவம் பாதியிலேயே முடிந்தது. சாண்டர்ஸோ, கேப்ரியல் காயமடைந்த பிறகு நவம்பரில் களமிறங்கி, தாம் தொடக்க வீரராக ஆடிய முதல் ஆட்டத்திலேயே லாஸ் வேகாஸை 24-10 என வென்றார். ஓர் ஆட்டத்தால் எதுவும் நிரூபணமாகிவிடாது. ஆனாலும் வாய்ப்பே கிடைக்காமல் போயிருந்தால் அந்தக் கேள்விகூட எழுந்திருக்காது.

பிட்ஸ்பர்க்கில் பார்க்க வேண்டியது

இவ்வாண்டு முதல் வாய்ப்பு லாஸ் வேகாஸ் ரேய்டர்ஸ் கையில். இண்டியானா பல்கலைக்கழகத்தைத் தேசிய வெற்றியாளராக்கி, ஹைஸ்மன் விருதும் பெற்ற குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவின் பெயர் முதலிடத்துக்குப் பெரிதும் அடிபடுகிறது. அவரும் பள்ளிக் காலத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் பொருட்படுத்தாத மாணவர்தான்.

பட்டியல் போடுவது குற்றமல்ல. ஆட்டத்தின் சுவையில் அதுவும் ஒன்று. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். விமர்சகர் தவறினால், அடுத்த ஆண்டு புதிய பட்டியலோடு வருவார். குழு தவறினால், மோசமான குழுவுக்கே முன்வாய்ப்பு என்ற விதிப்படி மறுபடியும் தேர்வு செய்யும். ஒரே முறை மட்டும் அந்த மேடைக்கு வருபவர் ஆட்டக்காரர்தான். மூன்று பேர் செய்யும் தவற்றுக்கும் முழு விலை கொடுப்பவர் அவர் ஒருவரே.

1994இல் எந்தக் குழுவும் எடுக்காத கர்ட் வார்னர், அயோவா மாநிலத்தின் ஒரு பேரங்காடியில் இரவு வேலையில் பொருள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் லீக்கின் மதிப்புமிக்க வீரர் அவர். அதே பருவத்தில் சூப்பர் பவுலும் வென்றார். அவர் திரும்பி வந்ததால் கதை தெரிகிறது. திரும்பி வராதவர்களின் கதையை எந்தப் பட்டியலும் எழுதி வைக்கவில்லை. ஏப்ரல் 25ஆம் தேதி கடைசிப் பெயர் வாசிக்கப்பட்ட பிறகும், தொலைபேசியைப் பார்த்தபடி பல வீடுகளில் இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.